‘உங்களுக்கென்றே தயாரித்தது’ என்றால் பணம் கட்டும் முன் யோசியுங்கள்

மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ‘உங்களுக்கென்றே தயாரித்தது’ என்று சொல்லி ஓர் உடற்பயிற்சியாளர் இணையத்தில் எடைப் பயிற்சி அட்டவணை அனுப்பினார். அதுவரை நான் பார்பெல்லை, அதாவது இரு முனையிலும் எடை மாட்டித் தூக்கும் கம்பியை, தொட்டதே இல்லை. அதை அவருக்குத் தெளிவாக எழுதியும் இருந்தேன்.

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஓர் உறுப்பு. திங்கட்கிழமை மார்புக்கு மட்டும் ஆறு பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் 5 செட் (நிறுத்தாமல் செய்யும் சுற்று), செட்டுக்கு 12 முறை. கூட்டிப் பாருங்கள், 360 வருகிறது. மறுநாள் தலை வாரக் கை எழவில்லை. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். கேட்டதற்கு, ‘வலித்தால்தான் வளரும்’ என்று பதில் வந்தது. சுத்தப் பொய். பழக்கமில்லாத வேலை செய்தால் தசை வலிக்கும், அவ்வளவுதான். வலிக்காமலும் தசை வளரும். இப்படி அளவுமீறிச் செய்து, தசை வீங்கிச் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். சிதைந்த தசை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும்.

எத்தனை கிலோ தூக்குவது என்று கேட்டேன். ‘முடிந்த அளவு.’ அடுத்த வாரம்? ‘இன்னும் கொஞ்சம்.’ இதற்கா பணம்?

மூன்றாவது வாரம்தான் நான்காம் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். ‘பிரசவமாகி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இதைச் செய்ய வேண்டாம்’ என்று ஒரு குறிப்பு இருந்தது. நான் ஆண்! யாருக்கோ போட்ட அட்டவணையில் என் பெயரை ஒட்டியிருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதிலே இல்லை.

இப்போது ஜிம்மில் பல வருடம் பழகிய ஒருவர் சொன்னபடி செய்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள். எல்லா நாளும் ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது). பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி கம்பியை மேலே தள்ளுவது) ஒருநாள், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் அடுத்த பயிற்சி நாள். முதுகுக்கு டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது) அல்லது ரோ (குனிந்து கம்பியை உடலை நோக்கி இழுப்பது). 3 செட், செட்டுக்கு 5 முறை. முதுகை மிகவும் களைக்கவைத்துவிடும் என்பதால் டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். ஸ்குவாட்டை 20 கிலோ வெறும் கம்பியில் தொடங்கினேன். பதினைந்து முறையும் நிலை குலையாமல் வந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூடும், வராவிட்டால் அதே எடை. எல்லாம் ஒரு நோட்டில் எழுதப்படுகிறது. புதியவருக்கு இரண்டு நாளில் உடல் தேறிவிடும். பிறகு ஏன் ஒரு தசையை வாரம் முழுக்கக் காக்கவைக்க வேண்டும்?

எந்த எடையில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள்.

சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது. ‘வாழ்த்துகள் சகோதரி’ என்று தொடங்குகிறது.