உள்ளா, வெளியா: நெட்வொர்க் முகவரிகளைப் பிரிக்கும் மூன்று வழிகள்

எவ்வளவு டேட்டா வெளியே போனது, வெளியிலிருந்து யார் துழாவுகிறார்கள், எந்த சர்வர் சம்பந்தமில்லாத இடத்தோடு பேசுகிறது? டிராஃபிக் ஆய்வின் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும்: இந்த ஐபி நம்முடையதா, இல்லையா. அதை முடிவு செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. பிரைவேட் முகவரி வரம்புகளை மட்டும் பார்ப்பது, சொந்த முகவரித் தொகுதிகளைப் பட்டியலிடுவது, பாக்கெட் ரவுட்டரின் எந்த இன்டர்ஃபேஸ் (இணைப்பு வாய்) வழியாக வந்தது என்று பார்ப்பது.

முதல் வழிக்கு உழைப்பே வேண்டாம். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிய 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்றும் உள், மற்றவை வெளி. தாக்குதல்களைக் கண்டறியும் மென்பொருளான சூரிகாட்டாவின் இயல்பு அமைப்பில், ‘நம் நெட்வொர்க்’ என்று பொருள்படும் ஹோம்_நெட் இந்த மூன்றுதான். சிறிய அலுவலகத்தில், நாட் (NAT, உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் அமைப்பு) கருவிக்கு உட்புறம் டிராஃபிக்கைக் கவனிக்கும் சென்சர் வைத்து, ஐபிவி4 மட்டும் ஓடினால் இது போதும். அதைத் தாண்டினால் உடைகிறது. பொது முகவரியில் இருக்கும் உங்கள் மெயில் சர்வர் வெளி ஆளாகிவிடும். ஹோம்_நெட்டைக் காப்பதற்கென்று எழுதிய விதிகள் அந்த சர்வருக்கு வேலையே செய்யாது. ஐபிவி6இல் உள்ளே இருக்கும் லேப்டாப்பும் பிரிண்டரும்கூட 2000::/3 வரம்பில் உலகளாவிய முகவரி வாங்கிக்கொள்ளும். அவை இரண்டும் பேசிக்கொள்வது வெளிக்கும் வெளிக்கும் இடையிலான டிராஃபிக்காகப் பதிவாகும்.

ஸ்கிரிப்டில் எழுதும்போது வரும் பிழைகளும் உண்டு. முகவரியை எழுத்துச் சரமாக எடுத்து “172.16.” என்று தொடங்குகிறதா என்று பார்த்தால் 172.17 முதல் 172.31 வரை விட்டுப்போகும். கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளான டாக்கரின் இயல்பு நெட்வொர்க் 172.17.0.0/16 அதில்தான் இருக்கிறது. பைத்தானின் ஐபி முகவரி நூலகம் 100.64.0.0/10ஐப் பிரைவேட் என்றும் சொல்லாது, உலகளாவியது என்றும் சொல்லாது. இணைய நிறுவனங்களின் பெரிய அளவு நாட் (NAT) அமைப்புக்காக 2012இல் ஒதுக்கப்பட்ட வரம்பு அது. டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையும் அதிலிருந்தே முகவரி தருகிறது. “பிரைவேட் இல்லையென்றால் வெளி” என்று எழுதிய ஸ்கிரிப்ட், உங்கள் சொந்த விபிஎன் கணினிகளை வெளியே தள்ளிவிடும்.

இரண்டாவது வழியையே நாங்கள் அடித்தளமாகப் பரிந்துரைக்கிறோம். பிரைவேட் வரம்புகளோடு பொதுத் தொகுதிகள், ஐபிவி6 தொகுதி, விபிஎன் வரம்பு, கிளவுட் வரம்பு எல்லாம் பட்டியலில் வர வேண்டும். டிராஃபிக்கைப் பதிவு செய்யும் கருவியான ஸீக்கில் இதற்கென்று லோக்கல்_நெட்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. அதை நிரப்பினால் இணைப்புப் பதிவின் இரு முனைகளுக்கும் உள்ளூர்க் குறி சரியாக விழும். தேடலில் மிக நீண்ட முன்னொட்டு, அதாவது சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் கொண்ட குறுகிய தொகுதி, வெல்ல வேண்டும். 10.0.0.0/8 உள், ஆனால் 10.80.0.0/16 கூட்டாளி நிறுவனத்தின் நெட்வொர்க் என்றால், முதலில் பொருந்திய வரியோடு நிற்கும் நிரல் கூட்டாளியையும் உள் என்றே சொல்லும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கட்டும். இணைய நிறுவனம் ஐபிவி6 தொகுதியை மாற்றினால், பழைய டேட்டாவைப் புதிய பட்டியலால் படிப்பது தவறான கணக்கில் முடியும்.

மூன்றாவது வழி முகவரியை நம்பவே நம்பாது. ரவுட்டர் ஒவ்வொரு இணைப்பையும் சுருக்கி அனுப்பும் நெட்ஃப்ளோ பதிவில் உள்வரும், வெளியேறும் இன்டர்ஃபேஸ் எண்கள் இருக்கும். வான் (WAN, வெளி இணையத்தோடு சேர்க்கும்) இணைப்பின் எண் தெரிந்தால் திசை தெரிந்துவிடும். ஃப்ளோ பதிவுகளை ஆய்வு செய்யும் சில்க் கருவியின் சென்சர் அமைப்பில் இன்டர்ஃபேஸ், முகவரித் தொகுதி இரண்டில் எதை வைத்தும் பிரிக்கலாம். ஆனால் ரவுட்டர் மறுதொடக்கத்தில் இன்டர்ஃபேஸ் எண்கள் மாறலாம். நிலைநிறுத்தும் அமைப்பைப் போட்டுவைக்காவிட்டால் ஒரே இரவில் உள் வெளியாகும். ஸ்விட்சின் மிரர் போர்ட்டில் (டிராஃபிக்கின் நகல் வரும் வாய்) பாக்கெட் பிடிப்பவர்களுக்கு இந்த எண் கிடைக்கவே கிடைக்காது.

பட்டியலையும் இன்டர்ஃபேஸ் எண்ணையும் சேர்த்து ஓட்டினால் கிடைப்பது பெரிது. வான் பக்கமிருந்து வரும் பாக்கெட்டின் மூல முகவரி உங்கள் பட்டியலில் இருந்தால் அது போலி முகவரி, அல்லது ரவுட்டிங் பிசகு, அல்லது பட்டியல் தவறு. மூன்றுமே உடனே பார்க்க வேண்டியவை.

உள், வெளி என்ற இரண்டு பெட்டி போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 224.0.0.0/4 (பல கணினிகளுக்குச் சேர்த்து அனுப்பும் மல்டிகாஸ்ட்), 255.255.255.255 (எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட்) ஆகியவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். இல்லையென்றால் 239.255.255.250க்குக் கணினிகள் அனுப்பும் கருவித் தேடல் பாக்கெட்டுகள் எல்லாம் “வெளியே போன டேட்டா” கணக்கில் ஏறும். சூரிகாட்டாவில் வெளி முகவரிகளைக் குறிக்கும் எக்ஸ்டர்னல்_நெட்டை ஹோம்_நெட்டின் மறுதலையாக வைத்தால், உள்ளே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும் தாக்குதலை “வெளியிலிருந்து உள்ளே” விதிகள் பார்க்காது. அதை ‘எனி’ (எந்த முகவரியும்) என்று வைத்தால் பார்க்கும், எச்சரிக்கைகளும் கூடும்.

பிரிப்பு சரியா என்று பார்க்க, ஒரு நாளின் வெளி டிராஃபிக் பைட்டுகளைக் கூட்டி, வான் இன்டர்ஃபேஸின் எஸ்என்எம்பி எண்ணியோடு (ரவுட்டரே வைத்திருக்கும் பைட் கணக்கு) ஒப்பிடுங்கள். சாம்பிளிங் (சில பாக்கெட்டுகளை மட்டும் எடுத்து எண்ணுவது) இருந்தால் முதலில் அந்த விகிதத்தால் பெருக்குங்கள். ஈதர்நெட்டில் எண்ணி சற்று அதிகம் காட்டுவது இயல்பு. நெட்ஃப்ளோ ஐபி பைட்டுகளை மட்டும் எண்ணும். எண்ணியோ 18 பைட் ஃபிரேம் சுமையையும் சேர்க்கும். 1500 பைட் பாக்கெட்டில் அது 1.2%, சிறு பாக்கெட்டுகளில் இன்னும் அதிகம். ஃப்ளோ கூட்டுத்தொகை எண்ணியைத் தாண்டினால் உள் டிராஃபிக் வெளியாகக் குறிக்கப்படுகிறது, அல்லது ஒரே ஃப்ளோவை இரண்டு ரவுட்டர்கள் அனுப்புகின்றன. வெகுவாகக் குறைந்தால் பட்டியலில் அளவுக்கு மீறி அகன்ற தொகுதி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஃப்ளோ பதிவுகளைச் சேகரிக்கும் கலெக்டரில் பாக்கெட்டுகள் தவறிப்போகின்றனவா என்று பாருங்கள்.