மிக்ஸிக்கு நாலு ஸ்டார், ஆஃபருக்கு அரை

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே இட்லி மாவும் பொடி வகைகளும் விற்கிறேன். ஓணத்துக்கு முன்னால் பொடிக்கு ஆர்டர் குவியும் நேரத்தில் பழைய மிக்ஸி புகைவிட்டுப் படுத்துவிட்டது. பொள்ளாச்சியில் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போன் போட்டேன். "அந்த மாடலு மூவாயிரத்து முந்நூறுங்க்கா. பழசைக் கொண்டுட்டு வந்தா முந்நூறு கழிச்சுக்கலாங்க. ஆனா சரக்கு வர ஒரு வாரம் ஆகுமுங்க" என்றார். ஒரு வாரம் தாங்காது. அதனால்தான் ஆன்லைன்.

ஆப்பைத் திறந்தால் ஓலைக்குடை பிடித்த மாவேலி (ஓணத்து மகாபலி ராஜா) படம், பக்கத்திலேயே 'ஓணம் மெகா சேல், 65% தள்ளுபடி'. 750 வாட்ஸ், மூன்று ஜார். 8,999 ரூபாயை அடித்துவிட்டு 3,149 என்று போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே பச்சை எழுத்தில், 'எல்லாச் சலுகையும் சேர்த்து 2,499'. கூடவே நேரம் ஓடுகிறது, இரண்டு மணி நேரத்தில் ஆஃபர் முடிந்துவிடுமாம். மறுநாள் காலையில் பார்த்தபோதும் அதே இரண்டு மணி நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த 2,499 எப்படி வருகிறது என்று நோண்டினேன். வங்கிக் கழிவு 350, எக்ஸ்சேஞ்ச் 300. வங்கிக் கழிவுக்குப் பக்கத்தில் கடுகளவு 'விவரம்' என்று இருப்பதைத் தொட்டால்தான் தெரிகிறது: ஒரே ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு, அதிலும் இஎம்ஐயில் வாங்கினால் மட்டும். டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கிடையாது. மாவு விற்கிறவளுக்குக் கிரெடிட் கார்டு யார் கொடுத்தார்கள்? இருந்தாலும் இஎம்ஐ என்றால் பிராசஸிங் கட்டணம் வரும், அதற்கு 18% ஜிஎஸ்டியும் வரும். 'வட்டியில்லாத் தவணை' என்று போடுகிறார்களே, பெரும்பாலும் வட்டியைத் தள்ளுபடியாக முன்னாலேயே கழித்துவிட்டு வங்கி வழியாகத் தவணையில் வசூலிக்கிற ஏற்பாடுதான் அது.

எக்ஸ்சேஞ்ச் இன்னும் வேடிக்கை. எங்கள் பின்கோடுக்கு அந்த வசதி இல்லையாம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி இருக்கும் நாத்தனார் வீட்டு பின்கோடைப் போட்டால் இருக்கிறது. மாவேலி படம் கேரளத்துக்கு, பழைய மிக்ஸி எடுக்கும் ஆள் தமிழ்நாட்டுக்கு!

பணம் கட்டும் பக்கத்தில் 199 ரூபாய்க்கு ஒரு 'கூடுதல் பாதுகாப்புத் திட்டம்', நான் கேட்காமலே டிக் அடித்து வைத்திருந்தது. எடுத்துவிட்டேன். பிளாட்ஃபார்ம் கட்டணம் 9 ரூபாய், அதை எடுக்க வழியில்லை. ஆக மொத்தம் 3,158. கேஷ்பேக் என்று 150 காயின் வந்தது. ஒரு பில்லில் 5 சதவீதத்துக்கு மேல் கழிக்க முடியாது. அதாவது, 150 ரூபாயை எடுக்க 3,000 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள்.

இதெல்லாம் எல்லா ஆப்பிலும் நடப்பதுதான் என்று விட்டுவிடலாம். பெட்டி வந்தபிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளில், தயாரித்த மாதம், வருடத்துக்குக் கீழே, அதிகபட்ச சில்லறை விலை அனைத்து வரிகளும் உட்பட 5,495 என்று அச்சாகியிருந்தது. அப்படியானால் அந்த 8,999 எங்கிருந்து வந்தது? 5,495-லிருந்து கணக்குப் போட்டால் தள்ளுபடி 43 சதவீதம்தான். கட்டிய பணத்தில் எனக்கு நஷ்டமில்லை என்பது வேறு விஷயம். 65-ஐப் பார்த்துத்தானே அவசரப்படுகிறோம்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், கேரள முகவரி என்பதால் மலையாளத்தில் ஒரு பெண் பேசினார். "சேச்சி, அது விற்பனையாளர் போடும் விலை" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அவரைத் திட்டி என்ன பயன்? லேபிளையும் ஆப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, பொய்யாக அவசரப்படுத்துவது, கட்டணத்தைக் கடைசியில் காட்டுவது உட்பட 13 தந்திரங்களை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு விதிமுறைகளே பட்டியல் போட்டுத் தடுத்திருக்கின்றன. என் ஒரு மிக்ஸியிலேயே மூன்று தேறியது.

கொஞ்ச நாளில் பதில் வந்தது: விற்பனையாளர் விலையைத் தவறாகப் பதிவேற்றிவிட்டாராம். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடித்த விலை 5,495 ஆகிவிட்டது, தள்ளுபடி 43 ஆகிவிட்டது. விற்கும் விலை அதே 3,149.

சரி, மிக்ஸிக்கு வருவோம். மோட்டார் நல்ல பலம். வறுத்த துவரம்பருப்பும் மிளகாயும் போட்டால் சட்டென்று பொடியாகிறது, சூடும் அதிகமில்லை. சத்தம்தான் பக்கத்து வீடுவரை கேட்கும். ஐந்து வருட மோட்டார் வாரண்டிக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், மறக்காமல் செய்துவிடுங்கள். சின்ன ஜாரின் மூடி கொஞ்சம் லூஸ். தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது மேலிருந்து கையை எடுக்காதீர்கள்.