மார்ட்டின்ஸ்வில்லில் பந்தயம் பார்ப்பது: இருக்கை, காது, ஸ்கேனர் – பல சீசன் அனுபவம்

அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் கார் பந்தயத் தடத்தில் முதலிடத்தில் ஓடும் காரையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பந்தயம் கண்ணில் படாமலே போய்விடும். இங்கே சண்டை நடப்பது பிரேக்கில். எட்டாவது இடத்துக்கும் பதினைந்தாவது இடத்துக்கும் நடுவில் யார் சீக்கிரம் பிரேக் பிடிக்கிறார், யார் தாமதிக்கிறார் என்று பார்க்கப் பழகிவிட்டால் 500 சுற்றும் அலுக்காது.

வர்ஜீனியாவில் ரிட்ஜ்வே என்ற ஊரில் இருக்கிறது இந்தத் தடம். 1947இல் மண் தடமாகத் திறந்தார்கள், 1955இல் தார் போட்டார்கள். 1949இல் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதன்மைத் தொடர் தொடங்கியதிலிருந்து இன்றுவரை ஓர் ஆண்டுகூட விடாமல் பட்டியலில் இருப்பது இது ஒன்றுதான். ஒரு சுற்று 0.526 மைல். தலா 800 அடி நீளத்தில் இரண்டு நேர்ப்பகுதிகள், இரு முனையிலும் பேப்பர் கிளிப் போல இறுக்கமான வளைவுகள். வளைவின் சரிவு வெறும் 12 டிகிரி. நேர்ப்பகுதியில் தார், வளைவில் கான்கிரீட். சரிவு குறைவு என்பதால் வேகத்தோடு திரும்ப முடியாது. சுமார் 20 வினாடிக்குள் இரண்டு முறை பிரேக்கை அழுத்தி மிதித்தாக வேண்டும்.

இருக்கைக்குத்தான் முதலில் பணம் செலவழியுங்கள். கீழ்வரிசை டிக்கெட் மலிவு, கார்களும் பக்கத்தில் தெரியும். ஆனால் எதிர்ப்பக்க நேர்ப்பகுதியை டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் பிட் பகுதியின் ஆட்களும் பொருள்களும் மறைத்துவிடும். போதாக்குறைக்கு டயரிலிருந்து உரிந்த ரப்பர் துணுக்குகள் சட்டையிலும் சாப்பாட்டிலும் வந்து விழும். மேல்வரிசைதான் எங்கள் சிபாரிசு, அதிலும் வளைவுக்குள் கார்கள் நுழையும் இடம் நேராகத் தெரிகிற பகுதி. 2022 அக்டோபர் 30 அன்று கடைசிச் சுற்றில் ஓட்டுநர் ராஸ் சாஸ்டெய்ன் ஆக்ஸிலரேட்டரை விடாமல் வெளிச்சுவரில் காரை உரசிக்கொண்டே ஐந்து கார்களைத் தாண்டினார். அந்தச் சுற்று 18.845 வினாடி, 2014இல் பதிவான தகுதிச்சுற்றுச் சாதனையே 18.898தான். அப்படி ஒன்று நடந்தால் கீழே உட்கார்ந்து முழுதாகப் பார்க்கவே முடியாது. இனி அதைச் செய்தால் தண்டனை என்று நாஸ்கார் அடுத்த ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது.

மேலிருந்து எதைப் பார்ப்பது? முன்னால் போகும் காரின் பின் பம்பரை, அது வளைவில் நுழையும் நொடியில். அப்போது அந்தக் காரின் எடை முன்சக்கரங்கள் பக்கம் சாய்ந்திருக்கும், பின்சக்கரப் பிடிப்பு குறைந்திருக்கும். பின்னால் வருபவர் லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும், முன்னவர் அரை கார் அகலம் மேலே வழுக்குவார், உள்பக்கம் திறந்துவிடும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் அவர் சுழன்று, எல்லாரும் வேகம் குறைக்க வேண்டிய மஞ்சள் கொடி வரும். அதன்பின் கார்கள் இரண்டு வரிசையாகக் கிளம்பும் மறுதொடக்கத்தில் உள்வரிசைக்குத்தான் மவுசு. வெளிவரிசையில் மாட்டியவருக்கு உள்ளே இறங்க இடைவெளி கிடைக்காமல் இரண்டு மூன்று சுற்றுக்குள் நாலைந்து இடம் பறிபோவது சகஜம்.

வெளிச்சம் மங்கியதும் சக்கரக் கம்பிகளின் இடுக்கில் பாருங்கள். பிரேக் தட்டு செக்கச்செவேலென்று கனலும், நேர்ப்பகுதியில் மங்கும், அடுத்த வளைவில் மறுபடி கனலும். சூடு எல்லை மீறினால் பிரேக் எண்ணெய் கொதித்து மிதி இளகிவிடும். அல்லது அந்த வெப்பம் ரிம்மோடு பொருந்தும் டயர் விளிம்பை உருக்கி காற்று இறங்கிவிடும். 2022இல் வந்த புதிய காருக்கு 18 அங்குலச் சக்கரமும் பெரிய பிரேக்கும் இருப்பதால் இந்தக் கோளாறு குறைந்திருக்கிறது. வளைவில் கியரைக் குறைத்தே தவறைச் சமாளித்துவிடவும் முடிகிறது. ஓட்டுநர்களுக்கு நல்லது; பார்ப்பவர்களுக்கு நஷ்டம், முந்துவது குறைந்துபோனது. ஒன்றரை மைலுக்குக் குறைந்த தடங்களில் 2026 முதல் 670 குதிரைத்திறனை 750 ஆக்கியிருப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறோம்.

காது விஷயத்தில் சமரசமே வேண்டாம். 85 டெசிபெலுக்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். நுரைக் காதடைப்பானின் உறையில் 33 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருந்தாலும் அத்தனையும் கிடைக்காது. 7ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 13, அதுதான் நம்பத்தக்க கணக்கு. அடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. அதன் மேல் ஹெட்செட் மாட்டினால் இன்னும் ஐந்து டெசிபெல் போல் கூடும். குழந்தைகளுக்கு முழுக் காதையும் மூடும் கவசம்தான் சரி, அவர்கள் அடைப்பானைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

அணிகளின் ரேடியோ பேச்சைக் கேட்கும் கருவியான ஸ்கேனர் இல்லாமல் போகாதீர்கள். அணிகளின் பேச்சு 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸுக்குள் வரும். அந்த வார அலைவரிசைப் பட்டியலை வீட்டிலேயே பதிந்துகொண்டு போங்கள். எல்லாக் கார்களையும் மாற்றி மாற்றிக் கேட்டால் எதுவுமே புரியாது. மூன்று ஓட்டுநர், கூடவே பந்தயக் கட்டுப்பாட்டு அறை, அது போதும். ஸ்கேனரின் சத்தத்தடுப்பு (squelch) அளவை இரைச்சல் நிற்கும் புள்ளிக்குச் சற்று மேலே மட்டும் வையுங்கள், கூட்டினால் மெல்லிய சிக்னல் வெட்டுப்படும். போன் ஆப் இதற்கு மாற்றில்லை. கூட்டத்தில் நெட்வொர்க் திணறும், குரலும் தாமதமாக வரும். ஒரு சுற்றே 20 வினாடி என்னும்போது மேலிருந்து பார்த்து ஓட்டுநருக்கு ரேடியோவில் வழிசொல்லும் ஸ்பாட்டர் சொல்வது கண்ணெதிரே நடப்பதோடு ஒட்டவே ஒட்டாது. நாள்பட்ட உபயோகத்தில் முதலில் போவது ஹெட்செட் வயரின் முனைதான், அடுத்து வியர்வையில் உதிரும் காதுமெத்தை. உபரி வயர் ஒன்றும் ஏஏ பேட்டரி ஒரு செட்டும் பையில் இருக்கட்டும். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் கால்பந்து மைதானத்தைச் சுற்றி ஓடும் கால் மைல் போமன் கிரே போன்ற உள்ளூர் தடங்களுக்கும் இதே கருவி ஆகும். அங்கெல்லாம் கட்டுப்பாட்டு அறையின் அறிவிப்பு பெரும்பாலும் 454.000இல் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு இங்கே பேர்போனது சில்லி, முட்டைக்கோஸ், வெங்காயம், கடுகுச் சாந்து போட்டு மெழுகுத்தாளில் சுற்றித் தரும் ஹாட் டாக். நெடுங்காலம் 2 டாலருக்கே விற்றார்கள். சைவக்காரர்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாம், சிறிய துணிக் கூலரை உள்ளே விடுவார்கள். கண்ணாடிப் பாத்திரமும் கெட்டி கூலரும் கூடாது. இருக்கை அலுமினியப் பலகை, மெத்தை கட்டாயம். இலையுதிர்காலப் பந்தயத்தில் சூரியன் இறங்கியதும் குளிரும், ஜாக்கெட் எடுத்துப் போங்கள்.

சார்லட்டிலிருந்தோ ராலேயிலிருந்தோ சுமார் இரண்டு மணி நேரப் பயணம். வண்டி நிறுத்தம் இலவசம், ஆனால் புல்வெளி. முந்தின நாள் மழை பெய்திருந்தால் பள்ளத்தில் விடாதீர்கள், மேட்டில் 220 நெடுஞ்சாலைப் பக்கம் முகம் காட்டி நிறுத்துங்கள். கடைசிக் கொடி விழுந்ததும் ஓடிப்போய் வண்டியைக் கிளப்புவதில் லாபமில்லை, வரிசை ஒரு மணி நேரத்துக்கு நகராது. அதற்குள் வென்றவருக்கு 1964 முதல் கொடுத்துவரும் ஆளுயரக் கடிகாரத்தை வழங்குவதைப் பார்த்துவிட்டே கிளம்பலாம்.