ஆறு மழைக்காலம் பார்த்த ஸ்டீரியோ

மும்பை செம்பூரில் எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. 2019 தீபாவளிக்கு அதற்கேற்ற ஒரு ஸ்டீரியோ வாங்கினேன்: 40 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), 5 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பகுதி) உள்ள ஒரு ஜோடி சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். இன்னும் பெரிதாக வாங்கியிருக்கலாமோ என்று இன்றுவரை தோன்றவில்லை.

மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் ஏறிய கடையெல்லாம் முதலில் ஆளுயர ஸ்பீக்கரைத்தான் அலறவிட்டார்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு அதுதான் நல்லதாகப் படும். அதனால் எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொன்னேன். கையோடு ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தன சிடி கொண்டுபோயிருந்தேன். வலந்தலையில் (வலப்பக்கம்) விழும் சாப்பு என்ற அடி பளிச்சென்று கேட்க வேண்டும், தொப்பியில் (இடப்பக்கம்) எழும் கும்கி என்ற வழுக்கும் நாதம் இழைந்து இறங்க வேண்டும். பெரிய ஸ்பீக்கர் பலவற்றில் கும்கி வெறும் 'தொம்' ஆகிவிட்டது. வாட்டைப் பார்த்தும் மயங்க வேண்டாம். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்த செட் முதல் மூன்று வாரம் என்னை அழவைத்தது. கடையில் கேட்ட கும்கி இல்லை. பாடுகிறவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. கீழ்வீட்டு மாமா பழைய ரேடியோ மெக்கானிக். வந்து கேட்டவர், "தம்பி, ஒரு பென்சில் பேட்டரி கொண்டா" என்றார். ஆம்பிலிருந்து ஒயர்களைக் கழற்றி, சிவப்புக் கோடு போட்ட ஒயரை பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு நொடி தொட்டார். இடது ஊஃபர் வெளியே தள்ளியது. வலது உள்ளே போனது. பொருத்த வந்தவர் வலது ஸ்பீக்கரில் ஒயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்! சரிசெய்ததும் பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் சுவர். ஒட்டி வைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) கும்மென்று அடைக்கும். ஒன்றரை அடி முன்னால் இழுத்து, ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் சின்னப் பகுதி) காது உயரத்துக்கு வரும்படி ஸ்டூல் மேல் வைத்தேன். அதற்காக சோபாவை நகர்த்த வீட்டில் சம்மதம் வாங்கவே ஒரு மாதம் ஆனது.

மும்பை மழைக்காலம்தான் நிஜமான பரீட்சை. அப்பாவின் பழைய ஸ்பீக்கரில் கோனை (அதிரும் கூம்பை) சுற்றியிருந்த ஃபோம் தொட்டாலே பொடியாக உதிரும். அதைப் பார்த்திருந்ததால் ரப்பர் விளிம்பு உள்ளதாகத் தேடி வாங்கினேன், இன்னும் விறைக்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரின் செம்புக் கம்பி நுனிதான் பச்சை பூக்கிறது. வருடம் ஒருமுறை, மழை விட்டதும், அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவிச் சொருகுகிறேன். போன ஜூலையில் வால்யூம் குமிழ் கரகரத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு காண்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது தடவை திருகியதும் போய்விட்டது. இத்தனை வருடத்தில் வேறு ரிப்பேர் எதுவும் வந்ததில்லை.