அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு எல்லா நோய்க்கும் பொதுவாக ஒரே பதில் சொல்ல முடியாது. சர்க்கரை, பிபி மாதிரி ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டியது என்றால் யோசிக்கவே வேண்டாம், அரசுதான். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம் கம்பெனி பிராண்டைப் பார்க்காமல் மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்புகிறது, அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தனியாரில் இதே மாத்திரைக்கு மாதாமாதம் கைக்காசு போகும்.

பிரசவம்தான் எனக்கு ரொம்ப கவலை தருகிற விஷயம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இங்கே தனியாரில் 100 பிரசவத்தில் 60-க்கு மேல் சிசேரியன், அரசில் சுமார் 36. அரசின் அந்த 36-ம் அதிகம்தான், ஆனால் தனியாரில் அறுவைக்கு பில் தொகை கூடும் என்பதை மறந்துவிட்டு அந்த 60-ஐப் பார்க்க முடியவில்லை.

சரி, தனியாரில் என்ன நல்லது? நேரம். ஸ்கேனுக்குக் காத்திருப்பு குறைவு, கழிப்பறை சுத்தம், டாக்டரிடம் உட்கார்ந்து பேசலாம். வேலைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்கிறவருக்கு அரசு ஆஸ்பத்திரி வரிசையும் ஒரு செலவுதான்.

அப்புறம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். அட்மிட் ஆவதற்கு முன்பே அது செல்லுமா என்று கேட்டுவிடுங்கள்.