கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் சாம்பல் உடை: என் பேட்மேனும் அந்த முழங்கையும்

போன வாரம் என் பேட்மேன் பொம்மையின் வலது முழங்கைக்கு மறுபடியும் சாம்பல் நிறம் பூசினேன். உடை முழுவதற்கும் நிறம் மாற்றி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மார்பு, முதுகு, தொடை எல்லாம் பூசிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. இலங்கை மலைநாட்டு ஹட்டனின் மழையையும் பனிமூட்டத்தையும் தாண்டி வந்தாயிற்று. எங்கும் உரியவில்லை, பூஞ்சணம் பிடிக்கவில்லை. இந்த முழங்கை மட்டும்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. கையை மடக்கி நீட்டினால் போதும், மூட்டைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று வந்து நிற்கும்.

உருவத்தின் அளவு, மூட்டுகளின் எண்ணிக்கை இதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதை விட்டுவிடுகிறேன். தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது தலை முதல் கால் வரை கறுப்பு பிளாஸ்டிக்கிலேயே வார்த்த ஆறு அங்குல உருவம். எனக்கு வேண்டியதோ பழைய காமிக்ஸ் பேட்மேன். சாம்பல் உடல், நீல முகமூடி, முதுகில் தொங்கும் நீல கேப், மஞ்சள் பெல்ட். 1939 மே மாதக் காமிக்ஸ் இதழில் பேட்மேன் முதன்முதலில் தலைகாட்டியபோதே உடை சாம்பல்தான். கையுறைகூட அப்போது ஊதா நிறம். கேப்பையும் முகமூடியையும் கறுப்பாகத்தான் நினைத்து வரைந்தார்கள். ஆனால் கறுப்புக்குள் மடிப்பைக் காட்ட வேண்டுமே, அதற்காக வெளிச்சம் படும் இடங்களில் நீலம் இட்டார்கள். போகப் போக அந்த நீலம் பரவி, கேப்பே நீலம் என்று ஆகிவிட்டது. மார்பில் மஞ்சள் நீள்வட்டம் வந்தது 1964-இல். எனக்கு நீள்வட்டம் இல்லாத பழைய மார்புதான் பிடிக்கும் என்பதால் அதை இடவில்லை.

முதலில் கேப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் அதுதான். கேப் மென்மையான பிவிசி. பிவிசியை வளைய வைப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு பதார்த்தம் சேர்ப்பார்கள், அது காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். அதன் மேல் சாதாரண எனாமல் ஸ்ப்ரே அடித்தால் இரண்டும் கலந்துவிடும். மாதக்கணக்காக வைத்திருந்தாலும் காயாது, தொட்டால் விரலில் ஒட்டும். அதனால் கேப்புக்கு ஸ்ப்ரே கேன் பக்கமே போகவில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகக் கழுவி, உலரவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைப் பிரஷால்தான் பூசினேன். நிறத்தைத் தண்ணீர்ப்பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. கெட்டியாகப் பூசினால் கேப்பை வளைக்கும்போது வெடித்துவிடும்.

கறுப்பை முழுவதும் மூடவில்லை. மடிப்புகளின் பள்ளத்தில் கறுப்பை அப்படியே விட்டுவிட்டு மேடுகளில் மட்டும் நீலம் வைத்தேன். முதலில் கருநீலம், அதன் மேல் சற்று வெளிறிய நீலம், கடைசி விளிம்பில் மட்டும் சாம்பல் கலந்த நீலம். வேலை முடிந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அந்தப் பழைய பக்கங்களில் இருந்த கேப் கையில் இருந்தது. கறுப்பிலிருந்து தொடங்கி வெளிச்சத்தை மட்டும் நீலமாக எடுத்துக் காட்டுவது, அதாவது அந்த நாள் ஓவியர்கள் தாளில் செய்த அதே வழி, பிளாஸ்டிக்கிலும் அப்படியே வேலை செய்தது. நிழலுக்கென்று தனியாக எதையும் பூச வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலை வார்த்த கறுப்பே நிழலாக நின்றுவிட்டது.

இந்த முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரியப்பா. தேயிலைத் தோட்டத்துக் கோயில்களில் கோபுரச் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர். பேட்மேன் யாரென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை. ஆனால் துணி மடிப்பு எங்கே விழும், எங்கே எழும் என்று உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார். நான் மார்புத் தசைகளைச் சுற்றிக் கருப்புக் கோடு போடப் போனபோது தடுத்தார். "கீழ நின்னு அண்ணாந்து பாக்குறவனுக்குத்தான் அந்தக் கோடு. இது கையில வச்சுப் பாக்குற சாமான், இதுக்கு அவ்வளவு வேணாம்" என்றார். சரியான பேச்சு. கோபுரத்தில் இருக்கும் சிலைக்குக் கோடு அழுத்தமாக இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் தரையிலிருந்து தெரியாது. ஆறு அங்குல உருவத்துக்கு அதே கோடு போட்டால் அடிபட்டுக் கன்றிப் போன ஆள் மாதிரி ஆகிவிடும். அதனால் உடலுக்குக் கறுப்பே சேர்க்கவில்லை. சாம்பலில் கொஞ்சம் நீலமும் பழுப்பும் கலந்து, நிறையத் தண்ணீர்விட்டுப் பள்ளங்களில் மட்டும் ஓடவிட்டேன்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை. புத்தகக் கடைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் டியூப் அக்ரிலிக் பெரிய படத்துக்கு நல்லது. இந்த அளவு உருவத்தில் பிரஷ் போன தடம் தெரியும். மாடல்களுக்கென்றே வரும் வல்லேஹோ போன்ற துளிப் புட்டிகள் விலை அதிகம், கொழும்பிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், ஆனால் மெல்லிய பூச்சிலேயே மூடும். பெல்ட்டின் மஞ்சளைக் கறுப்பு மேல் நேராகப் பூசாதீர்கள், பச்சையடித்துத் தெரியும். கீழே வெள்ளையோ வெளிர் பழுப்போ ஒரு பூச்சு வேண்டும்.

அப்புறம் வார்னிஷ். மலைநாட்டில் இருக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பூசிய உடையைப் பாதுகாக்க மேலே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடிப்பது வழக்கம். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் அங்கேயே படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்ளும். காய்ந்த பிறகு பார்த்தால் உடை முழுக்க வெள்ளைச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் நாள் முழுக்க ஈரக்காற்றுதான். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்துவிடும். ஜூலை மாதத்தில் இங்கே ஸ்ப்ரே வார்னிஷ் அடிப்பது என்பது செய்த வேலையைக் கையோடு கெடுப்பது.

நான் உருவத்தை ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்து ரயிலில் பண்டாரவளைக்குக் கொண்டுபோனேன். அக்கா வீடு அங்கே. இந்தப் பாதையில் போயிருப்பவர்களுக்குத் தெரியும், பட்டிப்பொல வரைக்கும் மழையும் மூடுபனியுமாக இருக்கும். ஓஹியவுக்கு முன் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் வெயில் அடிக்கும். தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையை மத்திய மலைத்தொடர் மேற்குப் பக்கமே இறக்கிவிடுகிறது, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் வருவது காய்ந்த காற்று. அக்கா வீட்டு முற்றத்தில் மத்தியான வெயிலில் அடித்தேன். துளிகூட வெளுக்கவில்லை. அந்த மேட் பூச்சுதான் இன்றுவரை மார்பையும் தொடையையும் காப்பாற்றி வருகிறது. மலையின் மறுபக்கத்தில் உறவு இல்லாதவர்கள் பிரஷால் பூசும் நீர் வார்னிஷையே எடுத்துக்கொள்ளுங்கள். காய நேரம் எடுக்கும், ஆனால் வெளுக்காது.

இவ்வளவும் நன்றாக நடந்த ஒரு வேலையை அந்த முழங்கை எப்படிக் கெடுக்கிறது என்று இப்போது சொல்கிறேன். இரட்டை மூட்டு முழங்கை இது. மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவில் தனியாக ஒரு சிறு துண்டு, அதன் இரண்டு முனையிலும் மூட்டைக் கோக்கும் ஊசி. கையை நீட்டியிருக்கும்போது அந்தத் துண்டின் பாதி உள்ளே மறைந்திருக்கும். மடக்கினால் வெளியே வரும். உள்ளே இருந்ததற்கு நிறம் பூசாமல் விட்டால், மடக்கும்போது கறுப்புப் பிறை தெரியும். பூசினால், மறுபடி நீட்டும்போது அந்தப் பூச்சு இறுக்கமான இடுக்குக்குள் போய்ச் சுரண்டிக்கொண்டு திரும்பி வரும். இரண்டில் எதைச் செய்தாலும் கறுப்பு வெளியே வந்தே தீரும்.

செய்யக்கூடியதையெல்லாம் செய்தாயிற்று. கொதிநீரில் கையை மென்மையாக்கிக் கழற்றி, மூட்டின் பக்கவாட்டை நுண்ணிய சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பூச்சின் கனத்துக்கு இடம் எடுத்தேன். நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமரை மாற்றினேன். பூச்சை நன்றாக இறுக விட்டு, அதுவரை கையை அசைக்காமல் வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் பலன் தந்தது. முழங்கால் ஏறக்குறையச் சரியாகிவிட்டது. முழங்கை சரியாகவில்லை. இன்னும் தேய்த்தால் கை தொங்கிப்போகும்.

நியாயமாகப் பார்த்தால், தயாரித்தவர்களைத் திட்டவும் முடியாது. இந்த உருவம் மேசை விளிம்பில் ஒற்றைக் காலில் குந்தி, ஒரு கையை நீட்டியபடி வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது என்றால், மூட்டு அவ்வளவு இறுக்கமாக இருப்பதால்தான். நிலையைப் பிடித்து வைக்கும் உராய்வே பூச்சையும் உரிக்கிறது. ஆனாலும் கோபம் வருகிறது. ஒரே உடலச்சை எடுத்துப் பல பாத்திரங்களுக்கும் பயன்படுத்துவது இந்தத் தொழிலில் வழக்கம். பிளாஸ்டிக்கின் நிறத்தை மட்டும் சாம்பலாக மாற்றி வார்த்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. செயற்கை நாருக்கான சாயத்தில் பிளாஸ்டிக்கை முக்கி எடுக்கலாம் என்பார்கள், அது உண்மைதான். வெள்ளை மூட்டைச் சாம்பலாக்கலாம், சாம்பலைக் கறுப்பாக்கலாம். கறுப்பை வெளுக்க வைக்க எந்தச் சாயத்தாலும் முடியாது. அந்த வழியும் எனக்கு அடைத்துப்போயிற்று.

குளிர் காலத்துக்கு ஒரு குறிப்பு. தை, மாசியில் விடியற்காலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போய் இருக்கும். அப்போது மூட்டைத் திருகினால் பூச்சு மட்டுமில்லை, ஊசியே முறியும். ஹெயார் டிரையரை எட்டப் பிடித்துச் சூடாக்கியோ வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்தோ பிறகு அசையுங்கள்.

இதையெல்லாம் எழுத வைத்தது கொழும்பில் வேலை செய்யும் என் நண்பன். அவனிடமும் இதே கறுப்பு பேட்மேன் இருக்கிறது. என்னுடையதைப் பார்த்ததிலிருந்து தன்னுடையதையும் மாற்ற வேண்டும் என்று நின்றான். இப்போது சாம்பலும் நீலமுமாகத் தயாராக வரும் உருவம் ஒன்று விலை குறைந்திருக்கிறதாம். பூசுவதா, வாங்குவதா என்று கேட்டிருக்கிறான்.

மச்சான், வாங்கிவிடு. என் அலமாரியில் இருப்பவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த உருவம் இதுதான், வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பதும் இதைத்தான், அந்தக் கேப்பைப் பூசிய மாலைகளை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருந்தாலும் வாங்கு என்றே சொல்கிறேன். நீ பொம்மையை ஒரே நிலையில் வைத்திருக்கிற ஆள் இல்லை, நாளுக்கொரு விதமாக நிறுத்திப் பார்ப்பாய். ஒரு மாதத்தில் நான்கு மூட்டிலும் கறுப்பு வந்துவிடும், உனக்கு மனம் வெறுத்துவிடும். சாம்பல் பிளாஸ்டிக்கில் வார்த்த முழங்கை எவ்வளவு தேய்ந்தாலும் சாம்பலாகவே இருக்கும். வாங்கும் முன் மூட்டுத் துண்டும் அதே நிறத்தில் வார்த்ததுதானா என்று மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள். சில உருவங்களில் அதுவும் பூச்சாகவே இருக்கும்.

அதன் உடலைத் தொடாதே. கேப்பை மட்டும் கழற்றி, அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டு வா. நீல பிளாஸ்டிக் என்றால் வேலை தலைகீழாகும், மேட்டில் நிறம் ஏற்றுவதற்குப் பதில் பள்ளத்தில் கருநீலத்தை இறக்க வேண்டும், அவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் வந்தாயானால் நல்லது, மழை பிடிப்பதற்குள் வார்னிஷும் அடித்துக் கொடுத்துவிடுவேன்.