கர்ட் கோபேனுக்கு இந்தப் பட்டியல் பிடிக்குமா?

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இன்று இருந்தால் எதைக் கேட்பார் என்று ஊகித்துப் பட்டியல் போடும் செயலி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். வந்ததெல்லாம் நிர்வாணாவின் நகல்கள், ஒரே கிட்டார் இரைச்சல்.

மனிதரின் ரசனையே வேறு. 1991-இல் ஷோனென் நைஃப் என்ற ஜப்பானியப் பெண்கள் குழுவை பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் சேர்த்துக்கொண்டவர். 1993-இல் எம்டிவி தொலைக்காட்சியின் ‘அன்பிளக்டு’ இசை நிகழ்ச்சி மேடையில் வாசலின்ஸ் குழு, பாடகர் டேவிட் போவி ஆகியோரின் பாடல்களையெல்லாம் பாடிவிட்டு, அமெரிக்க நாட்டுப்பாடகர் லெட் பெல்லி பாடிய பழைய நாட்டுப்பாடலோடு முடித்தார். கடைசி வரியின் நடுவே சட்டென்று கண்ணைத் திறந்து ஒரு மூச்சு விடுவார் பாருங்கள், அப்பா! அந்தப் பழம்பாட்டுப் பக்கமே செயலி போகவில்லை.

ஒலித்தரம் பரவாயில்லை. விளம்பரம்தான் தொல்லை.

வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்யும் இளம்பெண்களைத்தான் அவர் தேடியிருப்பார் என்பது என் ஊகம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.